தொலைதூரப் பீரங்கி ரோபோவைக் கதையில் கொண்டுவருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் புனைவுப் போர்க்கதைகளில் ராட்சத ரோபோக்கள் பெரும்பாலும் வாள்வீரர்களாகவே வருகின்றன. நேருக்கு நேர் மோதுவதற்கென்று அமைந்த அந்த உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, தோளில் மட்டும் நீண்ட குழாய் ஒன்றைப் பொருத்திவிட்டு, இதுதான் தொலைதூரப் பீரங்கி ரோபோ என்று சொல்லிவிடுவது எழுதுவோர் செய்கிற முதல் தவறு. மற்றத் தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. 1979இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘மொபைல் சூட் கன்டம்’ தொடரின் கன்டேங்க் என்ற ரோபோவைப் பலரும் குறைத்து மதிப்பிடுவதற்கும் இந்தப் பார்வையே காரணம். கால்களுக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டை, கைகளுக்குப் பதிலாக ஏவுகணைக் குழாய்கள், தோள்களில் 120 மி.மீ. பீரங்கிகள் இரண்டு என்று அமைந்த அந்த 15 மீட்டர் உயர இயந்திரத்தை மல்யுத்தக் களத்தில் இறக்கிவிட்டுத் தோற்றுவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. எதிரியின் கண்ணுக்கு எட்டாத இடத்திலிருந்து அடிப்பதுதான் பீரங்கியின் பலம்.

அப்படியானால் அது எதைப் பார்த்துச் சுடுகிறது? பெரும்பாலான கதைகள் வழுக்கி விழும் இடம் இதுதான். ரோபோ உயரமாக இருப்பதால் தொலைவில் உள்ள இலக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எழுதிவிடுகிறார்கள். பூமியின் வளைவு அதற்கு இடம் கொடுப்பதில்லை; 15 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் சமதளத்தில் ஏறக்குறைய 14 கிலோமீட்டரிலேயே தொடுவானம் வந்துவிடும். அந்தத் தொலைவில் தரையோடு நிற்கும் எதிரிக்கும் ரோபோவின் தலை தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிஜப் பீரங்கிப் படைகள் இலக்கைப் பார்க்காமலேயே சுடுகின்றன. இலக்குக்கு அருகே மறைந்திருக்கும் முன்னணி நோக்கர் குண்டு விழுந்த இடத்தைக் கண்டு, இன்னும் 100 மீட்டர் கூட்டு, 50 மீட்டர் இடப்பக்கம் நகர்த்து என்று திருத்தம் சொல்ல, பீரங்கிக்குப் பக்கத்தில் இருப்பவர் அதைக் கோணமாக மாற்றிக் குழாயைச் சற்றே அசைக்கிறார். அடுத்த குண்டு போய் விழும்வரை இருவரும் காத்திருக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்கு அப்பால் சுடும்போது குண்டு ஒரு நிமிடத்துக்கு மேல்கூட வானத்தில் இருக்கலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் எதிரி அந்த ஒரு நிமிடத்தில் 650 மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பார். ஆகவே, ஓடுகிற எதிரி ரோபோவின் நெஞ்சில் 25 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சாதாரணக் குண்டு ஒன்று துல்லியமாகப் பாய்வதாக எழுதினால், விவரம் அறிந்த வாசகர் அங்கேயே கதையை விட்டு வெளியேறிவிடுவார். பாலம், கிடங்கு, படை திரளும் திடல் ஆகியவையே இத்தகைய பீரங்கிக்கு ஏற்ற இலக்குகள்.

கன்டம் கதையுலகில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. அங்கே மினோவ்ஸ்கி துகள்கள் ரேடாரையும் வானொலித் தொடர்பையும் முடக்கிவிடுகின்றன. மனித வடிவ ரோபோக்கள் நெருங்கி நின்று போரிட வேண்டியிருப்பதற்குக் கதை சொல்லும் காரணமே அதுதான். நோக்கரின் குரல் பீரங்கியை எட்டாத அப்படிப்பட்ட உலகில் கம்பி இழுக்க வேண்டும், ஒளியால் சைகை காட்ட வேண்டும், அல்லது ஆளை அனுப்ப வேண்டும். இந்தத் திண்டாட்டத்தை மறைக்காமல் எழுதினால் கதைக்கே அது வளம்.

சுட்டுவிட்டு அதே இடத்தில் நிற்பது அடுத்த பெரிய தவறு. ரேடார் இல்லையென்றால் பீரங்கி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். முதல் உலகப் போரில் ரேடாரே கிடையாது. ஆயினும், 1915இல் தம் 25ஆம் வயதில் நோபல் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக், பிரிட்டிஷ் படையின் ஒலிவழிக் கண்டறியும் முறையை வளர்த்தெடுத்தார். வரிசையாக வைத்த ஒலிவாங்கிகளைப் பீரங்கியின் முழக்கம் எந்தெந்த நொடிக்கூறில் வந்தடைகிறது என்று அளந்து, அந்த வேறுபாடுகளிலிருந்து பீரங்கி நிற்கும் இடத்தைக் கணக்கிடும் முறை அது. வெடிப்பின் ஓசையை எந்தக் கற்பனைத் துகளும் தடுக்கப் போவதில்லை என்பதால், ரேடார் செத்த எதிர்காலப் போரில் இந்த நூறாண்டு பழைய வித்தை மீண்டும் உயிர்பெறும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ரோபோ சில குண்டுகளைச் சுட்டதும் இடம் மாற வேண்டும். மாறத் தாமதித்தால் பதிலடி வந்து விழ வேண்டும்.

பின்னுதைப்பைப் பொறுத்தவரை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. எம்777 என்ற 155 மி.மீ. பீரங்கி ஏறக்குறைய 45 கிலோ எடையுள்ள குண்டை நொடிக்கு 827 மீட்டர் வேகத்தில் எறிகிறது. குழாய் ரோபோவோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தால், 80 டன் ரோபோவையே இந்த உதைப்பு நொடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளப் பார்க்கும். உதைப்பு விழுவது தோள் உயரத்தில் என்பதால், இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் உருவம் தள்ளாடும். 1897ஆம் ஆண்டின் பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியிலேயே குழாய் பின்னோக்கிச் சறுக்கி, எண்ணெயும் அழுத்தக் காற்றும் உதைப்பை விழுங்கித் திரும்ப முன்னே தள்ளும் அமைப்பு வந்துவிட்டது. தோளில் வைக்கும் குழாய்க்கும் பின்னால் சறுக்க இடம் விடுங்கள். ரோபோவை மண்டியிட வையுங்கள், குதிகாலில் மண்ணைக் குத்தும் முளை கொடுங்கள். நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிற 80 டன் உருவத்தின் பாதம் 3 சதுர மீட்டர் என்றாலும், மண்ணின் மீது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். இன்றைய கனரக டாங்கிகளில் அது ஏறக்குறைய ஒரு கிலோதான். மழையில் ஊறிய வயலில் எது புதையும் என்பது தெளிவு. கன்டேங்க்கின் சங்கிலிப் பட்டையைக் கேலி செய்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குண்டுகள் தீராமல் வந்துகொண்டே இருப்பதும் குழாய் தேயாமல் இருப்பதும் எளிதில் திருத்தக்கூடிய பிழைகள். 1918இல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாரிஸ் நகரைத் தாக்கிய ஜெர்மானியப் பீரங்கியின் குழாய் ஒவ்வொரு சூட்டிலும் தேய்ந்து அகன்றதால், குண்டுகளைச் சிறிது சிறிதாகப் பருமன் கூட்டிச் செய்து, எண்ணிட்டு, அந்த வரிசையிலேயே சுட வேண்டியிருந்தது. எண் மாறிய குண்டு ஒன்று குழாய்க்குள் போகும் காட்சியை எந்தக் கதையிலும் எழுதலாம்.

நிலவில் போர் நடந்தால் எண்கள் முற்றிலும் மாறும். அதே எம்777 குண்டு பூமியில் ஏறக்குறைய 24 கிலோமீட்டர் செல்கிறது. காற்றே இல்லாத, ஈர்ப்பு குறைந்த நிலவில் 400 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் அங்கே 15 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் 7 கிலோமீட்டர்தான். பூமிக்குப் போட்ட கணக்கைப் பெயர் மாற்றி நிலவுக்கு வைப்பது செல்லாது.

கடைசியாக, எல்லா வேலையையும் ஒரே வீரரின் தலையில் கட்டுவது. கன்டேங்க்கில் முதலில் இருவர் இருந்தார்கள்; ஒருவர் தலைப்பகுதியிலிருந்து சுட, மற்றவர் வயிற்றுப் பகுதியிலிருந்து ஓட்டினார். பிறகுதான் அது ஒருவரே இயக்கும்படி மாற்றப்படுகிறது. ஓட்டுபவருக்கு வெளியேறும் வழிமீது கண், சுடுபவருக்கு அடுத்த திருத்தத்தின் மீது காது. இன்னும் ஒரு குண்டு என்று இவர் கேட்க, நேரமில்லை என்று அவர் மறுப்பார். ஒற்றை வீரரை வைத்தால் இந்த வாக்குவாதத்துக்கு இடமே இருக்காது. வேறு காரணம் ஏதும் இல்லையென்றால் இருவரையே வையுங்கள்.