மூன்று மோட்டார், இரண்டு அடுக்கு: மாடல் ராக்கெட்டில் எங்கெல்லாம் சறுக்கும்?

ஒற்றை மோட்டார் மாடல் ராக்கெட்டை நாலைந்து முறை நல்லபடியாக ஏற்றி இறக்கியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை ஒன்றுதான். அடியில் மூன்று மோட்டாரை, அதாவது எரிமருந்து அடைத்த குழாய்களை, ஒரே கட்டாக (இதுதான் கிளஸ்டர்) சேர்த்து, மேலே இன்னொரு அடுக்கையும் வைத்துவிட வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் இந்த இரண்டும் நேரெதிர் குணம் கொண்டவை. கிளஸ்டரில் எல்லா மோட்டாரும் ஒரே கணத்தில் பற்ற வேண்டும். அடுக்கில் ஒன்று எரிந்து முடிந்த பிறகே மற்றது பற்ற வேண்டும். நொறுங்கி விழுந்த ராக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தால், வடிவமைப்பில் வந்த பிழையைவிடப் பற்றவைப்பில் வந்த பிழைதான் அதிகம் இருக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு தவறு இருக்கிறது: மோட்டாரையே வீட்டில் செய்வது. வீட்டில் செய்த ராக்கெட் என்றால் உடலும் துடுப்பும்தான் வீட்டில் செய்தவை, மோட்டார் அல்ல. 1950-களில் அமெரிக்கப் பையன்கள் கராஜில் வெடிமருந்து இடித்து விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி ராக்கெட் பொறியாளர் ஹாரி ஸ்டைன் 1957-இல் எழுதியதைப் படித்துவிட்டுத்தான், நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் தான் செய்த சின்ன மோட்டார்களை அவருக்கு அனுப்பிவைத்தார். இந்தப் பொழுதுபோக்கே அங்கிருந்துதான் வளர்ந்தது. எனவே பட்டாசைப் பிரித்து மருந்தை எடுப்பது, தீபாவளி ராக்கெட் மூன்றை நூலால் கட்டித் திரிகளை முறுக்கிவிடுவது எல்லாம் வேண்டாம். மூன்று திரியும் ஒரே வேகத்தில் எரியாது.

மோட்டார் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

சி6-5 என்றால் சி என்பது எரிந்து முடியும்வரை மோட்டார் தரும் மொத்த உந்துதலின் அளவு. அடுத்த எழுத்தான டி அதைப்போல் இரண்டு மடங்கு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். கடைசி 5 என்பது எரிந்து முடிந்ததிலிருந்து பாராசூட்டைத் தள்ளும் வெடிப்பு வரைக்குமான வினாடிகள். சி6-0 என்றால் தாமதமும் இல்லை, பாராசூட் வெடிப்பும் இல்லை. எரிந்து முடியும்போது முன்பக்கமாகத் தீயைக் கக்கும். அதுதான் கீழடுக்கு மோட்டார்.

இந்தக் கடைசி எண்ணை மாற்றிப் போடுவது சர்வசாதாரணம். கீழே சி6-5 போட்டால் மேலடுக்குக்குத் தீ உரிய நேரத்தில் போகாது. மேலே சி6-0 போட்டால் பாராசூட் திறக்காமல் குத்தீட்டி மாதிரி தரைக்கு வரும். மேலடுக்கில் சி6-3 போட்டாலும் சிக்கல்தான். ஏற்கெனவே வேகமெடுத்த ராக்கெட் அது, இன்னும் பாய்ந்துகொண்டிருக்கும்போதே பாராசூட் வெளியே வந்து கிழியும். அங்கே சி6-7 போல நீண்ட தாமதம் வேண்டும்.

எல்லாம் ஒன்றாகப் பற்ற

என் முதல் மூன்று மோட்டார் ராக்கெட்டில் இரண்டுதான் பற்றின. கிளம்பும்போது நேராகப் பிடித்திருக்கும் கம்பியான ராடை விட்டதும் ஒரு பக்கமாக வளைந்து, பக்கத்து சோயா வயலில் படுத்துக்கொண்டது. போய்ப் பார்த்தால், பற்றாத மோட்டாரின் இக்னைட்டரில், அதாவது மின்சாரத்தில் சூடேறி மருந்தைப் பற்றவைக்கும் துண்டில், கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மின்சாரம் முனைவரை போகவே இல்லை. கிளிப் மாட்டும் அவசரத்தில் வளைத்துவிட்டது நான்தான்.

வயரிங்கில் முதல் விதி, இக்னைட்டர்களைப் பக்க இணைப்பில்தான் கோக்க வேண்டும். தொடர் இணைப்பில் கோத்தால், முதலில் எரிந்து அறுபடும் இக்னைட்டர் மற்றவற்றின் மின்சாரத்தையும் அறுத்துவிடும். சீரியல் பல்பு சரத்தில் ஒன்று போனால் சரமே அணைகிற அதே கதை.

அடுத்தது பேட்டரி. புதிதாக வாங்கும் பெட்டியோடு வரும், பொத்தானை அழுத்திப் பற்றவைக்கும் கன்ட்ரோலரில் நான்கு பென்சில் பேட்டரி, அதாவது 6 வோல்ட். ஒரு இக்னைட்டருக்கு ஏறத்தாழ 2 ஆம்பியர் வேண்டும், மூன்றுக்கு 6. பென்சில் பேட்டரி அங்கே மூச்சு வாங்கும். கடைசியில் எது கொஞ்சம் சுறுசுறுப்பான இக்னைட்டரோ அது மட்டும் பற்றும், ராக்கெட் கிளம்பிவிடும். 12 வோல்ட் பைக் பேட்டரியும் தடித்த வயரும் போட்டால் இந்தத் தலைவலி போய்விடும். கிளிப்புகளின் பல்லில் பழைய கரி ஒட்டியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

கிளஸ்டருக்குக் கரிமருந்து மோட்டார்களே நல்லது. ரப்பர் போன்ற பசையில் மருந்தைக் கலந்து செய்த காம்போசிட் மோட்டார்கள் அழுத்தம் ஏறி உந்த ஆரம்பிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றுக்கொன்று மாறும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்று பற்றாமல் போகும் நாள் வரும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். ராக்கெட்டின் எடையைப்போல் ஐந்து மடங்கு உந்துவிசை வேண்டும் என்பது பொது வழக்கு. 300 கிராம் ராக்கெட்டின் எடை சுமார் 3 நியூட்டன். ஆக 15 நியூட்டன் வேண்டும். அந்த 15, ஒரு மோட்டார் படுத்துக்கொண்ட பிறகும் மிச்சமிருக்க வேண்டும். மோட்டார்களை நடு அச்சுக்கு முடிந்தவரை ஒட்டி வையுங்கள். தள்ளித் தள்ளி வைத்தால் படத்துக்கு அழகாக இருக்கும். ஒன்று பற்றாவிட்டால் ராக்கெட் அப்படியே புரளும். 2006 ஜூலை 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிஎஸ்எல்வி-எஃப்02-க்கும், பக்கவாட்டில் இருந்த நான்கு மோட்டார்களில் ஒன்று வலுவிழந்ததால்தான் அந்தக் கதி. திசையைத் திருத்தும் கருவிகள் இருந்த ராக்கெட் அது. நம்முடையதில் துடுப்பைத் தவிர ஒன்றும் கிடையாது.

ஒன்றன்பின் ஒன்றாகப் பற்ற

மேலடுக்கு மோட்டாரில் இக்னைட்டர் வைத்துவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எதுவும் வைக்கக் கூடாது, இக்னைட்டரைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் கூடாது. கீழிருந்து வரும் தீப்பொறி நேராக அந்த மோட்டாரின் வாலில் உள்ள நாசில் துளைக்குள் போக வேண்டும்.

கீழ் மோட்டாரின் தலையும் மேல் மோட்டாரின் வாலும் முட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்து, சேரும் இடத்தில் செலோபன் டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டேப் இல்லாவிட்டால், தீ போய்ச் சேருமுன்பே அழுத்தம் இரண்டையும் தள்ளிப் பிரித்துவிடும். நாலு சுற்றுச் சுற்றினால் பிரியவே பிரியாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும் வடிவமென்றால், கீழடுக்குக் குழாயின் மேற்பகுதியில் எதிரெதிராக இரண்டு துளை போடுங்கள். உள்ளே அடைபட்ட குளிர்ந்த காற்று வெளியேறாவிட்டால், அதுவே மேலடுக்கைத் தள்ளிவிட்டுவிடும்.

கிளஸ்டரும் அடுக்கும் சேரும் இடம்தான் உண்மையான கண்ணி. கீழே மூன்று சி6-0 இருந்தால் மூன்றும் மிகச்சரியாக ஒரே நொடியில் முடியாது. முதலில் முடிவது அடுக்கைப் பிரித்துவிடும். மற்ற இரண்டும் இன்னும் எரிந்துகொண்டிருக்கும், கீழடுக்கு தன்னிஷ்டத்துக்குப் பாயும். ஆகவே ஒரே ஒரு மோட்டார் மட்டும் மேலடுக்குக்குத் தீ கொடுக்கட்டும். மற்றவற்றின் முன்பக்க வாயு மேலே போகாமல் பக்கத் துளை வழியாக வெளியேறட்டும். மேலடுக்கில் ஒற்றை மோட்டார் போதும். அங்கேயும் மூன்று வைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

மேலடுக்குக்கு காம்போசிட் மோட்டார் வைத்தால் கீழிருந்து வரும் தீ அதைப் பற்றவைக்காது. அதற்கு எலக்ட்ரானிக் டைமர் வேண்டும்.

வால் கனத்தால்

ஒரு சி6 மோட்டார் சுமார் 24 கிராம். மூன்று வாலில் ஏறினால் 72. ஈர்ப்பு மையம் பின்னால் நழுவும். அது அழுத்த மையத்துக்கு, அதாவது காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளிக்கு முன்னால், குறைந்தது உடல் குழாயின் விட்டமளவு தள்ளி இருக்க வேண்டும். இதை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள்: முழு ராக்கெட்டுக்கு ஒரு முறை, கீழடுக்கு கழன்றபின் மேலடுக்குக்கு மட்டும் ஒரு முறை. ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும். ஆனால் எடையைத் தராசில் வைத்து எடுங்கள். பசையும் பெயின்ட்டும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

மோட்டார் குழாய்கள் மூன்றுக்கும் நடுவில் விழும் இடுக்கையும் அடைத்துவிடுங்கள். பாராசூட்டைத் தள்ள வேண்டிய வாயு அந்த வழியாகப் பின்னால் ஓடிவிடும்.

மெல்லிய 3 மில்லிமீட்டர் ராடு இந்த எடைக்கு ஆடும். 6 மில்லிமீட்டர் போடுங்கள். லேசாகச் சாய்ந்து கிளம்பினாலும் மேலடுக்கு அந்தச் சாய்விலேயே பற்றும், அரை மைல் தள்ளிப் போய்த் தேட வேண்டியதுதான். காற்றடித்தால் அன்றைக்கு ஒற்றை மோட்டாரோடு திருப்திப்படுங்கள். தள்ளி நிற்கும் தூரமும் மாறும்: டி வரைக்கும் 15 அடி, மூன்று சி சேர்ந்தால் டி-யைத் தாண்டிவிடும், ஆக 30 அடி.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? கன்ட்ரோலரின் சாவியை எடுத்துவிட்டு 60 வினாடி காத்திருங்கள், பிறகு கிட்டே போங்கள். மேலடுக்கு பற்றாமல் விழுந்து கிடந்தால் நாசிலை முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்காதீர்கள். அந்த மோட்டாரை மறுபடி பயன்படுத்தவும் கூடாது. விழுந்த அதிர்ச்சியில் உள்ளே மருந்து விரிசல் விட்டிருந்தால் அடுத்த முறை வெடிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, அட்டை நெகிழ்ந்து மருந்து பிரிந்து வரும் வரை விட்டுவிடுங்கள்.