சோழமண்டலக் கரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறீர்களா? மணலில் இருந்து தொடங்குங்கள்

கடற்கரைக்குப் போகிற பலரும் வண்டியை விட்டு இறங்கியதும் நேராக அலைக்குப் போவார்கள், காலை நனைப்பார்கள், நாலு படம் எடுப்பார்கள், சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் பழவேற்காட்டில் இருந்து கோடியக்கரை வரைக்குமான இந்தக் கரையை ஒழுங்காகப் பார்க்கணும் என்று ஆசை இருந்தால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்து நிமிடம் மணலைப் பாருங்கள். துறைமுகம், கோயில், கோட்டை, ஆமை, குப்பத்துக்காரர்களின் போராட்டம் என்று எதை எடுத்தாலும், மணல் எங்கே இருந்து கிளம்பி எங்கே போகிறது என்கிற கேள்வியில்தான் வந்து முட்டும்.

முழுக் கரையையும் ஒரே பயணத்தில் முடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கரையின் நீளமே ஒரு நிலையில் இல்லை. இந்தியக் கடற்கரை 7516.6 கி.மீ. என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம், இப்போது அரசுக் கணக்கில் அது 11,098.81 கி.மீ. தமிழ்நாட்டுப் பங்கு 906.9இல் இருந்து 1068.69 ஆகியிருக்கிறது. நிலம் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை, இன்னும் நுணுக்கமான வரைபடத்தை வைத்து வளைவு நெளிவுகளையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் பறந்தால் நீங்கள் பார்ப்பது பழைய கணக்கைத்தான். அதனால் மூன்றே ஊர் எடுங்கள், ஊருக்கு ஒரு முழு நாள், முடிந்தவரை டவுன் பஸ்ஸும் நடையும்.

போக நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் எப்போது உருவாகும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. துறைமுகப் பரபரப்பைப் பார்க்க நினைப்பவர்களுக்கு அது ஏமாற்றம், ஆனால் மீனவர்களோடு நிதானமாக உட்கார்ந்து பேச அதைவிட நல்ல சமயம் கிடையாது, எல்லோரும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் கரையில்தான் இருப்பார்கள். எந்த மாதமானாலும் காலை ஐந்தரைக்குக் கரையில் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் மணல் பாதத்தைப் பொசுக்கும், வெயிலும் கண்ணில் அடிக்கும், எதுவும் தெரியாது.

சரி, மணலைப் படிப்பது எப்படி? இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை தெற்கே இருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக்காற்று அடிக்கிற சில மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய ஓட்டம்தான் மிஞ்சும். இதற்கு நடுவில் நாம் கடலுக்குள் ஒரு கல்சுவரை நீட்டினால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் மணல் வந்து தேங்கும், வடக்குப் பக்கம் வரவு இல்லாமல் கரை கரைந்துகொண்டே போகும். சென்னையிலேயே இதைப் பார்க்கலாம். 1870களில் துறைமுக வேலை ஆரம்பித்த பிறகு அதன் தெற்கே சேர்ந்த மணல்தான் இன்று நாம் பெருமையாகச் சொல்லும் மெரினாவின் அகலம். அதே துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் போனால் கருங்கல் கொட்டி வைத்த கரை. ஒரே நாளில் காலை மெரினா, மாலை காசிமேடு என்று போய்ப் பாருங்கள், யாரும் விளக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியிலும் இதே கதைதான். 1980களில் ஊருக்குத் தெற்கே துறைமுகம் கட்டினார்கள், கொஞ்ச வருஷத்தில் ஊர் முன்னால் இருந்த மணல் காணாமல் போய் வெறும் பாறைக்கல் மிஞ்சியது. 2018இல் கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் அதற்கும் வடக்கே இருக்கும் குப்பங்களில் ‘தூண்டில் வளைவு வேண்டும்’ என்ற கோரிக்கை தொடர்ந்து எழுகிறது. தூண்டில் வளைவு என்பது கடலுக்குள் நீட்டுகிற கல்வரிசை. ஒரு ஊருக்குப் போட்டால் அந்த ஊர் தப்பிக்கும், நஷ்டம் அடுத்த ஊருக்கு நகரும், அப்புறம் அந்த ஊரும் கேட்கும். கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, வீட்டு வாசலுக்கு அலை வந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

நீண்ட தூரம் நடக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. போன் வரைபடத்தில் ஒரு முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடப்பது போலத் தெரிந்தது, தாண்டி அடுத்த ஊரில் பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு மணி நேரம் நடந்தேன். போய்ப் பார்த்தால் ஆறு வாயைத் திறந்து இடுப்பளவுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. வந்த வழியே திரும்பினேன், கையில் அரை பாட்டில் தண்ணீர். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும், மழையில் ஆறு உடைத்துக்கொண்டு போகும், சில சமயம் இடமே மாறும். படத்தில் இருப்பது என்றைக்கோ எடுத்தது. ஆகவே கிளம்பும் ஊரிலேயே “அண்ணே, வாய் திறந்திருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் முகத்துவாரத்தில் இறங்காதீர்கள், அடியில் இழுப்பு இருக்கும்.

அடுத்து, அலை எட்டாத மேட்டுப் பக்கம் வாருங்கள். அங்கே படர்ந்து கிடக்கிற கொடி அடும்பு. ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த இலை, ஊதாப் பூ, விடிகாலையில் நன்றாக விரிந்திருக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்கிறோமே, அந்தக் கொடிதான். ஒரு தண்டைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள், கணுவுக்குக் கணு வேர் இறங்கி மணலைத் தைத்து வைத்திருக்கும் (பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், பிடுங்காதீர்கள்). பக்கத்தில் குத்துக் குத்தாக நிற்கிற முரட்டுப் புல் இராவணன் மீசை. அதன் விதைக்கொத்து முள்ளுருண்டை போல உதிர்ந்து, காற்றில் மணல்மேல் உருண்டு ஓடி, ஏதாவது ஒரு பள்ளத்தில் போய் நின்று முளைக்கும். பறக்கிற மணலை இந்த இரண்டும்தான் பிடித்து நிறுத்தி மேடாக்குகின்றன. 2004 சுனாமியில் இப்படிப்பட்ட மேட்டுக்குப் பின்னால் இருந்த பல வீடுகள் தப்பின. அதற்கப்புறமும் ‘கடல் தெரியட்டும்’ என்று மேட்டை இடித்துச் சமப்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பழைய கட்டடங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். மாமல்லபுரத்தில் எல்லோரும் கடற்கரைக் கோயிலோடு நின்றுவிடுகிறார்கள். கொஞ்சம் வடக்கே, புலிக்குகைக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பம் இருக்கிறது, அங்கே கட்டாயம் போங்கள். சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில் ஒரு பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்தது, 2005இல் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள், ஒரு முருகன் கோயிலே கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கட்டுமானம், அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல். வாசலில் கல்லால் ஆன வேல். கூட்டமே இருக்காது. செங்கல் வரிசைக்கு மேல் மணல் எந்த உயரம் வரை மூடியிருந்திருக்கும் என்று நின்று யோசித்துப் பாருங்கள்.

தரங்கம்பாடிக்கு அரை நாள் போதாது. மயிலாடுதுறையில் இருந்து பஸ் உண்டு. ஊர் வாசல் வழியாக நுழைந்து, தேவாலயங்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கடலை நோக்கி நடங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை எதிரே வரும். 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு இங்கேதான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார், அவர் கல்லறை புதிய எருசலேம் தேவாலயத்தில் இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நான் சொல்ல வருவது கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றி. குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கருங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் நின்றால் சிதைந்த பகுதிக்கும் பிறகு கட்டிய பகுதிக்கும் வித்தியாசம் தெரியும். படம் எடுத்தால் எங்கே நின்று எடுத்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுக்கலாம்.

குப்பங்களுக்குள் போகும்போது கவனம் தேவை. காய்கிற வலையை மிதிக்கவோ தாண்டவோ கூடாது. ஒருமுறை கேமராவைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் வலை மேல் கால் வைக்கப்போக, ஒரு பெரியவர் “தம்பி, அது எங்க சோறு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏலம் நடக்கும் இடத்தில் பெண்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள், நடுவில் புகுந்து விலை கேட்காதீர்கள். முடிந்த பிறகு “இன்னைக்குப் பாடு எப்படி?” என்று ஆரம்பித்தால் (பாடு என்றால் வலையில் கிடைத்த மீன்) பேச்சு தானாக வரும். கரைவலை இழுக்கும்போது கூப்பிட்டால் போய்க் கயிற்றைப் பிடியுங்கள், உள்ளங்கை உரியும், சிரிப்பார்கள், பரவாயில்லை.

கரையைச் சுத்தம் செய்ய நினைத்தால் கையுறையும் ஒரு சாக்கும் போதும். எந்திரம் வைத்துச் சுரண்டினால் பிளாஸ்டிக்கோடு அடும்பும் போய்விடும். ஒதுங்கிய கடல்பாசியை விட்டுவிடுங்கள், அது நண்டுக்கும் பறவைக்கும் சாப்பாடு. கிடக்கிற வலைத்துண்டு அறுந்ததா, யாராவது வைத்துவிட்டுப் போனதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். கடையில் பவளம் விற்றால் வாங்காதீர்கள், அது சட்டப்படிக் குற்றம். பாதுகாக்கப்பட்ட சில சங்குகளுக்கும் அதே சட்டம்தான். மேட்டை இடித்து யாராவது கட்டடம் எழுப்பினால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் கடலோர மண்டல மேலாண்மைக் குழு இருக்கிறது, சர்வே எண்ணோடும் தேதி போட்ட படத்தோடும் மனுக் கொடுங்கள்.

கோடியக்கரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கு நோக்கி வந்த கரை அங்கே மேற்கே திரும்புகிறது. வெளிமான், பூநாரை, உப்பளம் மூன்றும் ஒரே நாளில் கிடைக்கும். வேதாரண்யத்தில் இருந்து போகும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் இறங்குங்கள். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியில் இருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் 30ஆம் தேதி உப்பு அள்ளிய இடம் அது.

கடைசியாக ஆமை நடை. சித்தாமை, பங்குனி ஆமை என்று சொல்லும் ஆமைகள் தை முதல் பங்குனி வரை சென்னைக் கரையில் முட்டையிட ஏறும். 1988இல் இருந்து மாணவர்கள் நடத்தும் ஒரு அமைப்பு நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். டார்ச் அடிக்காதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள். தெருவிளக்கைக் கடல் வெளிச்சம் என்று நினைத்துக் குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்விடும், அதற்காகத்தான் இத்தனை பாடு. ஈர மணலில் சின்ன டிராக்டர் ஏறிப் போன மாதிரி தடம் தெரிந்தால் நில்லுங்கள். நான் முதல் மூன்று தடவை போனபோது செத்து ஒதுங்கிய ஆமைகளை மட்டும்தான் பார்த்தேன். நாலாவது தடவை, விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது, கூட வந்த கல்லூரிப் பையன் முழங்கையளவு கையை மணலுக்குள் விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான், பிங்பாங் பந்து போல, நூற்றுப் பதினேழு. எண்ணும் வேலையை என்னிடம்தான் கொடுத்திருந்தான்.