கடலை சேராத வெல்லப் பொரி
எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வீட்டில் சின்னவனுக்கு நிலக்கடலை, முந்திரி எதுவும் ஆகாது. அவனுக்காகவே இதைச் செய்கிறேன். 4 கப் அரிசிப்பொரியை வெறும் வாணலியில் மொறுமொறுப்பாகச் சூடாக்கி வையுங்கள். அரை கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சுங்கள். பதம்தான் முக்கியம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வரவேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பிசுபிசுவென்று நமுத்துவிடும். அப்புறம் ஓணத்துக்குச் செய்யும் சர்க்கரை உப்பேரிக்கு (வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய் வறுவல்) போடுகிற மாதிரி கொஞ்சம் சுக்குப்பொடி, ஏலக்காய், ஒரு ஸ்பூன் நெய், பொரி சேர்த்து மளமளவென்று கிளறி, தட்டில் உதிரியாகப் பரப்புங்கள். கார்ன்பிளேக்ஸுக்கும் இதே கணக்குதான்.

கடலை வறுக்கும் கடையில் சாக்கிலிருந்து அள்ளித் தரும் பொரி வேண்டாம்; பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். கடலைமிட்டாய் கிளறிய வாணலியையும் கரண்டியையும் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் எடுக்கவே கூடாது.