தூர வேட்டைக்கு ரவையின் பாரத்தைப் பாருங்கள்

கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் பெறாமகன் எந்த ரவை நல்லதென்று கேட்டான். வன்னியில் வயலுக்குள் இறங்கும் பன்றியை 12 போர் துவக்கோடு கிட்டப் போய்த்தான் சுடுவார்கள்; கனடாவிலோ 300 மீட்டர் தூரத்திலிருந்து சுட வேண்டும். இலேசான ரவை பாய்ந்து புறப்பட்டாலும் சீக்கிரம் தளரும், காற்றில் விலகும். நீண்டு ஒல்லியான, பாரமான ரவைதான் வேகத்தைக் காக்கும். மானுக்கு 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகையில் 140 கிரெயின் ரவை, அதாவது 9 கிராம், தாராளம். மூஸ் என்ற மிகப் பெரிய மான் என்றால், இன்னும் வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவில் 180 கிரெயின்.

குழலின் முறுக்கையும், அதாவது ரவையைச் சுழற்றிவிட உள்ளே வெட்டிய வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன என்பதையும், பார்க்க வேண்டும். அந்த 140 கிரெயின் ரவைக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று சரி. முறுக்கு தளர்ந்த குழலில் நீள ரவை தள்ளாடும். எந்தப் பெட்டி ரவையோடு காட்டுக்குப் போகிறீர்களோ, அதையே முதலில் அதே தூரத்தில் பலகையில் சுட்டுப் பாருங்கள். காயத்தோடு ஓடும் மான் படும் வேதனை பொல்லாதது.