நோன்புக் கஞ்சி வாங்கப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் ரமலான் மாதம் அஸர் எனும் மாலைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் பாத்திரமும் கையுமாக வரிசை நிற்கும். 1826-இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமியா சூலியா பள்ளிவாசல் ஆகட்டும், டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் ஆகட்டும், கஞ்சிக்கு மதபேதம் கிடையாது, யாரும் வாங்கலாம்.

பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள். வாய் அகன்ற எவர்சில்வர் தூக்குதான் சரி. முக்கால் பங்கு போதும், விளிம்பு வரை வாங்கினால் எம்ஆர்டி ரயிலில் கால்சட்டைதான் கஞ்சி குடிக்கும். (அனுபவம்!)

வீட்டுக்கு வருவதற்குள் அரிசியும் பாசிப்பருப்பும் நீரை இழுத்துக் கெட்டியாகிவிடும். பச்சைத் தண்ணீர் விட்டால் சப்பென்று போய்விடும். அரை குவளை வெந்நீர் விட்டு, சிறு தீயில் அடிப்பிடிக்காமல் கிளறுங்கள். வெந்தய வாசமும் பாண்டான் இலை வாசமும் மறுபடி எழும்பும்போது இறக்கிவிடலாம். தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சி நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். சஹருக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எடுத்துவைப்பதென்றால் ஆறியதும் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

நோன்பு திறக்கும் நேரம் இங்கே எந்த மாதத்திலும் 7 மணியை ஒட்டியே வரும். நிமிடக் கணக்குக்கு முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) அட்டவணையைப் பாருங்கள். முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர். அப்புறம் கஞ்சி. தொட்டுக்கொள்ளச் சூடாக ஒரு வடை இருந்தால், கேட்கவே வேண்டாம்.