ஒரு நாள் முன்னதாக விலகாதீர்கள்: ஜப்பானில் வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஏப்ரலில் நிஷிகசாய் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு காபிக் கடையில் திருநெல்வேலித் தம்பி ஒருவர் தன் ராஜினாமா கடிதத்தை என்னிடம் நீட்டினார். டோக்கியோவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் முறையாக வேலை மாறுகிறார். "ஜப்பானிய மொழி சரியாக இருக்கிறதா அண்ணா?" என்று கேட்டார். மொழி சரியாகத்தான் இருந்தது. தேதிதான் தவறு. 'மே 30 அன்று பணியிலிருந்து விலகுகிறேன்' என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது, சனிக்கிழமை 31ஆம் தேதி எதற்கு என்று நினைத்திருக்கிறார். அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. 2018 மார்ச் மாதம் இதே கணக்கைப் போட்டு இதே வெள்ளிக்கிழமைத் தேதியை எழுதிக் கொடுத்தவன் நான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் இதை எழுதத் தொடங்கினேன். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவது, ரயிலில் சத்தமாகப் பேசாமல் இருப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். வந்த முதல் வாரத்திலேயே சுற்றியிருப்பவர்களைப் பார்த்து அவற்றைக் கற்றுக்கொண்டுவிடலாம். யாரைப் பார்த்தும் கற்றுக்கொள்ள முடியாதவை சில இருக்கின்றன. பல மாதங்கள் கழித்து ஒரு உறை வீட்டுக்கு வரும்போதுதான் அவை தெரியவரும்.

மாதத்தின் கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்னதாக விலகுவது

நிறுவனத்தில் வேலை செய்யும் வரை நாம் கோஸெய் நென்கின் என்ற ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறோம். சம்பளத்தில் 18.3 சதவீதம், பாதியை நாம் கட்டுகிறோம், பாதியை நிறுவனம் கட்டுகிறது. இந்தத் திட்டம் நாள்களை எண்ணுவதில்லை, மாதங்களையே எண்ணுகிறது. வேலையை விட்ட மறுநாள் உறுப்பினர் தகுதி போய்விடும். அந்த 'மறுநாள்' எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதம் கணக்கில் சேராது.

மார்ச் 31 அன்று விலகினால் தகுதி போவது ஏப்ரல் 1 அன்று. மார்ச் மாதம் முழுவதும் நிறுவனக் கணக்கில் சேர்ந்துவிடும். மார்ச் 30 அன்று விலகினால் தகுதி 31 அன்றே போய்விடும். அதன்பின் மார்ச் மாதத்துக்கு நிறுவனம் ஒரு யென்கூடக் கட்டாது. முப்பது நாள் வேலை செய்திருந்தாலும் அந்த மாதத்துக்கு நீங்கள் வேலையில்லாதவரின் வரிசையில்தான் நிற்கிறீர்கள். கொகுமின் நென்கின் என்ற தேசிய ஓய்வூதியத் தொகையை நீங்களே கட்ட வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கும் இதே கணக்குதான். அந்த ஒரு நாளுக்காகத் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்து ஒரு மாதத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும்.

எனக்கு இது தெரியாது. பழைய நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருந்தவர் மிகக் கனிவாகப் பேசினார். "30ஆம் தேதியே போதும். கடைசிச் சம்பளத்தில் ஒரு மாதப் பிடித்தமும் குறையும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். என் பிடித்தம் குறைந்தது. நிறுவனம் கட்ட வேண்டிய பாதியும் குறைந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அந்த மாதத்தை நான் தனியாகக் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கனிவான குரல் என் காதில் நிற்கிறது.

ஏப்ரல் 2, திங்கட்கிழமை, புதிய வேலையில் சேர்ந்தேன். நடுவில் ஒரு வேலைநாள்கூட வீணாகவில்லை என்பதால் இடைவெளி எதுவும் இல்லை என்றே நம்பினேன். அதே மாதம் கவாசாகியிலிருந்து நிஷிகசாய்க்கு வீடு மாறினோம். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் பதிந்திருந்தால் பழைய முகவரிக்கு வரும் கடிதங்களை ஓராண்டு வரை கட்டணமின்றிப் புதிய வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதையும் செய்யவில்லை. கட்டணச் சீட்டு ஒருவழியாக என் கைக்கு வந்து சேர்ந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. சீட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று எனக்கு, இன்னொன்று என் மனைவிக்கு.

வேலைக்குப் போகாத மனைவியோ கணவரோ ஊழியரின் சார்பாளராக, தனியாகத் தொகை எதுவும் கட்டாமல் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார். ஊழியரின் தகுதி போகும் அதே நாளில் அவருடைய சார்பாளர் நிலையும் போய்விடும். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. இருவருக்கும் சேர்த்து சுமார் 33,000 யென். கொம்பினி என்ற சிறு பல்பொருள் கடையில் கட்டினேன், அத்தோடு மறந்துவிட்டேன்.

தொகை பெரிதல்ல. ஆனால் மார்ச் மாதத்துக்கான தொகையை ஏப்ரல் இறுதிக்குள் கட்டியிருக்க வேண்டும். நான் கட்டியது அக்டோபரில்.

2019இல் எய்ஜூகென்னுக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கு, விண்ணப்பித்தேன். பத்து ஆண்டு வசிப்பு, ஒழுங்கான வரி, நல்ல சம்பளம் எல்லாம் இருந்தன. அந்த ஆண்டு மே மாதம்தான் வழிகாட்டு விதியைத் திருத்தியிருந்தார்கள். வரியோடு ஓய்வூதியத் தொகையையும் மருத்துவக் காப்பீட்டுத் தொகையையும் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும் என்பது அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. கடந்த இரண்டு ஆண்டுகளுக்கான சான்றுகளைக் கேட்டார்கள். விண்ணப்பிக்கும்போது பாக்கி இல்லை என்பது மட்டும் போதாது. ஒவ்வொரு மாதத்தையும் அதற்குரிய கெடுவுக்குள் கட்டியிருக்க வேண்டும். என் சான்றில் ஒரு மாதத்துக்கு நேராக மட்டும் ஆறு மாதத் தாமதம். விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

பல வங்கிகள் வீட்டுக் கடனுக்கு நிரந்தர வசிப்புரிமையைக் கேட்கின்றன. உரயாசுவில் பார்த்து வைத்திருந்த வீட்டை நாங்கள் விட்டுவிட்டோம். என் மகள் அந்த வீட்டில் தன் அறை எது என்றுகூடத் தேர்ந்தெடுத்திருந்தாள். அந்தத் தாமதம் இரண்டு ஆண்டுக் கணக்கிலிருந்து விலகும் வரை காத்திருந்து மறுபடி விண்ணப்பித்து அனுமதி வாங்கியபோது 2022 ஆகிவிட்டது. இத்தனைக்கும் காரணம் ஒரு சனிக்கிழமை.

ஆகவே ராஜினாமா கடிதத்தில் மாதத்தின் கடைசித் தேதியை எழுதுங்கள். அது சனி, ஞாயிறாக இருந்தாலும் அதையே எழுதுங்கள். புதிய ஒப்பந்தத்தில் தொடக்க நாளை 1ஆம் தேதி என்று போடச் சொல்லிக் கேளுங்கள். விடுமுறை நாளாக இருந்தாலும் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள். நடுவில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஓய்வெடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், விலகிய 14 நாள்களுக்குள் குயாகுஷோவுக்கு, அதாவது வார்டு அலுவலகத்துக்கு, கணவன் மனைவி இருவருமாகப் போங்கள். நிறுவனம் தரும் தகுதி இழப்புச் சான்றை எடுத்துச் செல்லுங்கள். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு இரண்டையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். சீட்டு வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். கட்டிய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கொம்பினியில் முத்திரை குத்தித் தரும் அந்தச் சிறு தாளைத்தான் பின்னால் சான்றாகக் கேட்பார்கள்.

கட்டாமலே இருந்துவிடலாம் என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் தேசிய ஓய்வூதியத் தொகை மாதம் 17,510 யென்னாக இருந்தது. சுமை என்பதை மறுக்கவில்லை. ஆனால் வரியையும் காப்பீட்டுத் தொகையையும் வேண்டுமென்றே கட்டாதவர்களிடமிருந்து, கொடுத்த நிரந்தர வசிப்புரிமையைத் திரும்பப் பெறவும் 2024இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் வழி செய்திருக்கிறது. அந்த நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

தம்பி கடிதத்தை அங்கேயே திருத்தினார். மே 31.

வேலை மாறியதைக் குடிவரவுத் துறைக்குச் சொல்லாமல் விடுவது

14 நாள்கள். விலகியதற்கும் புதிதாகச் சேர்ந்ததற்கும் அறிவிப்பு கொடுக்க வேண்டும். இணையத்திலேயே முடிந்துவிடும். நிறுவனம் இதைச் செய்யாது. செய்ய வேண்டியவர் நீங்கள்.

முதல் ஆண்டுச் சம்பளத்தை நம்பிச் செலவைத் திட்டமிடுவது

வந்த ஆண்டில் கையில் கிடைக்கும் சம்பளம் அதிகமாகத் தெரியும். ஜூமின்ஸெய் என்ற வசிப்போர் வரி அப்போது இல்லை. ஜனவரி 1 அன்று ஜப்பானில் வசிப்பவரின் முந்தைய ஆண்டு வருமானத்துக்குப் போடும் வரி அது. ஏறத்தாழப் பத்து சதவீதம். ஜூன் மாதம் பிடிக்கத் தொடங்குவார்கள். இரண்டாம் ஆண்டு ஜூனில் எனக்குத் தொலைபேசியில் அழைத்து "சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்று பதறிய இளைஞர்கள் எத்தனையோ பேர். யாரும் குறைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டால் இந்த வரி கட்டணச் சீட்டாக வீட்டுக்கு வரும். வருமானம் இல்லாத மாதத்தில் போன ஆண்டின் நல்ல சம்பளத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

அப்பாவின் கணக்குக்கே எல்லாப் பணத்தையும் அனுப்புவது

ஊரில் இருக்கும் பெற்றோரைச் சார்பாளராகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம். ஆனால் பணம் அனுப்பிய சான்று ஆளுக்கு ஆள் தனித்தனியாக இருக்க வேண்டும். அப்பாவின் கணக்குக்கு அனுப்பினால் அது அப்பாவுக்கு மட்டும்தான். "அம்மாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார், அதே பணத்தில்தான் சாப்பிடுகிறார்" என்று என் நண்பர் ஒருவர் வாதாடிப் பார்த்தார். நியாயமான வாதம், ஆனால் எடுபடவில்லை.

2023 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. 30 வயது முதல் 69 வயது வரை உள்ள, வெளிநாட்டில் வசிக்கும் உறவினரைக் காட்ட வேண்டுமானால், சில விலக்குகள் தவிர, அவர்களில் ஒவ்வொருவருக்கும் நீங்கள் அந்த ஆண்டில் 3,80,000 யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும். நம்மில் பலருடைய பெற்றோர் இந்த வயதில்தான் இருக்கிறார்கள். ஜனவரியிலேயே அம்மாவின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கையில் கொடுக்கும் பணம் கணக்கில் வராது. நவம்பர் வாக்கில் நிறுவனம் ஆண்டு இறுதி வரிக் கணக்குக்குத் தாள்களைக் கேட்கும்போது இதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

வீட்டுக்குள் நுழைந்த அன்று படம் எடுக்காமல் இருப்பது

சாவி வாங்கிய அன்றே, பெட்டிகள் உள்ளே வருவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் தரையையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். இயல்பான பயன்பாட்டால் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்று 2020இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. வெயிலில் சுவர்த்தாள் வெளுத்தால் அது உங்கள் கடன் அல்ல. சமையலறைச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் வேறு. சுத்தம் செய்யாமல் விட்ட கறை என்று சொல்லி ஷிகிகின் என்ற முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். தாளிக்கும்போது காற்றுப்போக்கியை ஓடவிடுங்கள். அடுப்புக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தகட்டை நிறுத்துங்கள். சில நூறு யென்தான். சாம்பாரைக் கைவிடச் சொல்பவன் அல்ல நான்.

குப்பையை முதல் நாள் இரவே வைப்பது

காக்கைகள் கிழித்துவிடும். காலையில் வையுங்கள்.

ஊரிலிருந்து மருந்தைப் பார்க்காமல் கொண்டுவருவது

அம்மா பெட்டியில் போட்டுவிடும் சளி மாத்திரையையும் இருமல் மருந்தையும் திருப்பிப் படியுங்கள். சூடோஎபெட்ரின், கோடீன் என்ற பெயர்கள் இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அளவைப் பொறுத்து அவை இங்கே சட்டத்துக்குப் புறம்பாகலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால் புறப்படும் முன்பே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும்.

சைவம் என்று நம்பி மிசோ சூப் குடிப்பது

அதில் இருக்கும் தாஷி என்ற அடிச்சாறு பெரும்பாலும் மீன் சீவலில் இறக்கியது. கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஊர் திரும்பும்போது ஓய்வூதியப் பணத்தை யோசிக்காமல் எடுப்பது

ஜப்பானை விட்டு முழுவதுமாகப் போகிறவர்கள் கட்டிய தொகையில் ஒரு பகுதியைத் தத்தாய் இச்சிஜிகின் என்ற பெயரில் ஒரே தவணையாகப் பெறலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஒன்பது ஆண்டுகள் கட்டிய ஒருவர் எடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்றைய விதிப்படி அதிகபட்சமாக 60 மாதங்களுக்குத்தான் கணக்குப் போட்டுத் தருவார்கள். ஆனால் எடுத்த உடனே ஒன்பது ஆண்டுகளும் அழிந்துவிடும்.

ஜப்பானிய முதியோர் ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுகள் போதும். 2017க்கு முன் அது 25 ஆண்டுகளாக இருந்தது. 2016 அக்டோபர் 1 முதல் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதி கட்டிய ஆண்டுகளையும் சேர்த்துப் பத்து ஆண்டு நிறைகிறதா என்று பார்க்க அது வழி செய்கிறது. அவருக்குச் சென்னையில் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. முதுமை முழுவதும் ஜப்பானிலிருந்து வந்துகொண்டே இருந்திருக்க வேண்டிய ஓய்வூதியம் அது. ஒரே தவணைப் பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் என்னிடம் கேட்டார்.

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் நென்கின் என்ற ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஒரு முறை போய் உங்கள் மாதங்களை எண்ணித் தரச் சொல்லுங்கள். அடிப்படை ஓய்வூதிய எண் எழுதிய தாளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். இந்தியாவில் கட்டியதற்கான விவரமும் இருந்தால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.