பழைய உயிலில் மூதாதையரைத் தேடுவது எப்படி

கொள்ளுத்தாத்தா உடன்பிறப்பு இல்லாத ஒற்றைப் பிள்ளை என்றே எங்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். அவருக்கு ஒரு தமக்கை இருந்ததை எனக்குச் சொன்னது ஓர் உயில். அது கையில் கிடைத்த வழியை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது விடுபட்டிருக்கலாம்.

முதலில் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரங்களை எடுங்கள். உயிலே கிடைப்பது அரிது. ஆனால் பாகப்பத்திரத்திலோ கிரயப்பத்திரத்திலோ ‘இன்ன தேதியில் எழுதிவைத்த மரண சாசனப்படி’ என்று ஒரு வரி இருக்கும். மரண சாசனம் என்பது உயில்தான். என் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாகப்பத்திரத்தில் அந்தத் தேதி ‘தாது ௵ ஆவணி ௴ ௰௨ ௳’ என்று இருந்தது. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௰௨ பன்னிரண்டு. அடிக்கடி வரும் ௸ என்பது ‘மேற்படி’.

தாது என்றதும் 1876இல் வந்த தாது வருடப் பஞ்சம்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டையே குறித்துக்கொண்டு இரண்டு மாதம் வீணாகத் தேடினேன். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதே வரியில் பசலி 1346 என்றும் இருந்தது. பசலி என்பது ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு ஆண்டு. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதி என்றால் 591 கூட்ட வேண்டும். ஆவணி என்பதால், 1936.

ஆண்டு தெரிந்த பிறகு இணையத்துக்குப் போங்கள். நான் முதலில் சொல்வது நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேட உதவும் இந்தியன் கானூன் தளத்தை. உயிலால் சண்டை வந்து வழக்கு மேல்முறையீடு வரை போயிருந்தால், நீதிபதி தீர்ப்பில் உயிலின் வாசகத்தை எடுத்துக் காட்டியிருப்பார். சில தீர்ப்புகளில் வம்சாவளிப் படமே இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கில எழுத்தில்தான் தேட வேண்டும், அதுவும் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில்: தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, மயிலாடுதுறை ‘மாயவரம்’. பிள்ளை என்ற சொல்லின் கடைசியில் ஐ எழுத்தும் வரும், ஒய் எழுத்தும் வரும். ஐயருக்கு மூன்று விதம் உண்டு. ஆள் பெயரை விட ஊர்ப் பெயரோடு ஆண்டு வரம்பும் கொடுத்துத் தேடுவது பலன் தரும். எங்கள் கிராமத்தின் பெயரும் 1937 முதல் 1955 வரை என்ற வரம்பும் கொடுத்ததில் நான்காவதாக வந்த தீர்ப்பு எங்களுடையது. அதில் உயிலின் பதிவு எண் இருந்தது. ‘கைம்பெண்ணான சகோதரி’ என்று ஒரு குறிப்பும் இருந்தது. பெயர் இல்லை.

பெயருக்கு மூலத்துக்குத்தான் போக வேண்டும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று முதல் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுவதால் அதில் உயில் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு ‘உயிலே இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுதிவைத்தவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே சொல்கிறது. இறப்புக்கு ஆதாரம் மட்டும் கையில் வைத்திருங்கள்.

சிங்கப்பூர், மலாயா பக்கம் போனவர்கள் குடும்பத்தில் இருந்தால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தையும் பாருங்கள். இறந்தவர் சொத்து பற்றிய சட்ட அறிவிப்புகள் அதில் ஏராளம்.

நகல் வந்ததும் நிலக் கணக்கில் மூழ்கிவிடாதீர்கள். நஞ்சை இத்தனை மா, புஞ்சை இத்தனை குழி என்பதை அப்புறம் பார்க்கலாம். யாருக்கு என்ன உறவுச்சொல் போட்டிருக்கிறது, யாருக்குச் சொற்பம் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். என் நகலில் ஆறாவது பத்தி இது: ‘திருவிடைமருதூரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் காலமாகி என் கிரகத்திலிருந்து வரும் என் தமக்கைக்கு அவள் ஜீவதசை மட்டும் வருஷம் பன்னிரண்டு கலம் நெல்லும், புடவை இரண்டும், கொல்லைக்கட்டு அறையும் விட்டுவைக்க வேண்டியது.’ தமக்கை என்ற சொல்லுக்கு முன்னால் அவர் பெயர், முழுதாக. என் அம்மாவின் பெயர் அது. ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று அம்மாவுக்கே தெரியாது. நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

ஒரு மகனின் பெயர் உயிலில் இல்லையென்றால் அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று உடனே எண்ண வேண்டாம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை, பிரியாத கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கைக்கூட ஒருவர் உயிலில் எழுத முடியாது. சுயார்ஜிதத்தை, அதாவது தானே சம்பாதித்த சொத்தை, மட்டுமே எழுதலாம். அந்த மகன் முன்பே பாகம் பிரிந்து போயிருக்கக்கூடும். அதற்குப் பாகப்பத்திரத்தைத் தேடுங்கள்.

கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் மைத்துனரோ பங்காளியோ பக்கத்து வீட்டுக்காரரோதான் சாட்சி போட்டிருப்பார்கள். எங்கள் உயிலின் இரண்டாம் சாட்சி திருவிடைமருதூர்க்காரர். தமக்கையின் கொழுந்தனாராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போது அவர் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.